பந்தயக் காரும் வில்வண்டியும்

நம் நாட்டுப்புறச் சாலைகளில் முன்னாளில் இருவகை மாட்டுவண்டிகள் ஓடின. ஒன்று பாரம் ஏற்றும் கட்டைவண்டி. மற்றொன்று மக்கள் ஏறிச்செல்லும் வில்வண்டி. கட்டைவண்டியில் வண்டியின் சட்டம் அச்சின்மேல் நேராக அமர்ந்திருக்கும். சக்கரம் ஒரு கல்லின்மேல் ஏறினால் வண்டியும் ஏறும். பள்ளத்தில் இறங்கினால் வண்டியும் இறங்கும். உள்ளே அமர்ந்தவரின் எலும்புகள் அந்த ஏற்ற இறக்கங்களை ஒன்றுவிடாமல் எண்ணிக்கொண்டே வரும். வில்வண்டியிலோ, அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே எஃகுப் பட்டைகளை வளைத்து அடுக்கிய வில் இருந்தது. சக்கரம் கல்லில் ஏறும்போது வில் வளைந்து கொடுக்கும். வண்டி பெரும்பாலும் தன் நிலையிலேயே செல்லும். இந்த ஒரு வேறுபாடே அவ்வண்டிக்குப் பெயராயிற்று.

ஸ்போர்ட்ஸ் கார் என்று வழங்கும் விரைவு வண்டிகளிலும் சக்கரத்துக்கும் வண்டியுடலுக்கும் இடையே நிற்பது வில்தான். பட்டை வில்லின் இடத்தில் சுருள்வில் வந்தது. அதனோடு எண்ணெய் நிரம்பிய தணிப்பானும், சக்கரத்தைப் பற்றி நிறுத்தும் எஃகுக் கைகளும், அவற்றின் மூட்டுகளில் ரப்பர் புஷ்களும் சேர்ந்தன. இவை யாவும் கூடிய அமைப்பைப் பட்டறைகளில் சஸ்பென்ஷன் என்பார்கள். நாம் இங்கே தாங்கமைப்பு என்று சொல்லிக்கொள்வோம்.

ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிய இளைஞர், ஆறு நாள் அதனைச் சாலையில் ஓட்டி, ஏழாம் நாள் பந்தயத் தடத்துக்குக் கொண்டுசெல்ல விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் செய்ய நினைப்பது என்ன? வண்டியைத் தரையோடு தரையாகத் தாழ்த்த வேண்டும். வில்லை விறைப்பாக்க வேண்டும். பந்தயக் கார் தாழ்ந்து நிற்கிறது. அதன் வில் விறைப்பாக இருக்கிறது. ஆகவே தாழ்த்தி விறைப்பாக்கிய எந்தக் காரும் பந்தயக் கார்போல் ஓடும் என்பது அவருடைய கணக்கு. இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் சரி, எந்த இடத்தில் பிழையாகிறது என்பதை ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம். பிழையான கணக்கின் பயனைச் சாலையில் செல்லும் மற்றவர்களும் அனுபவிக்க நேரும் என்பதால், இஃது அவர் ஒருவரைப் பொறுத்த செய்தி மட்டும் அன்று.

எடுத்துக்காட்டாக ஒரு காரை மனத்தில் கொள்வது நல்லது. ஜப்பானிய ஹிரோஷிமா நகரைச் சேர்ந்த மாஸ்டா நிறுவனம் 1989ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் எம்எக்ஸ்-5 என்னும் சிறு காரை அறிமுகப்படுத்தியது. அமெரிக்காவில் அதற்கு மியாட்டா என்று பெயர். இருவர் அமரக்கூடியது, மேல்மூடியை மடக்கித் திறந்துகொள்ளலாம், 1.6 லிட்டர் எஞ்சின். முதல் தலைமுறைக் காரின் எடை 1,000 கிலோவுக்கும் குறைவு. பழைய ஆங்கில ஸ்போர்ட்ஸ் கார்களின் எளிமையை மீண்டும் கொணரவேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்த இக்கார், 2016ஆம் ஆண்டில் பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டியது. சாலையிலும் தடத்திலும் ஒருங்கே பயன்படும் கார்களில் இதற்குத் தனி இடம் உண்டு. கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டு, ஓட்டுநருடன் சேர்த்து அதன் எடை 1,000 கிலோ என்றும், ஒவ்வொரு சக்கரமும் 250 கிலோவைத் தாங்குகிறது என்றும் கொள்வோம்.

ஒரு கார் தரையைத் தொடும் இடங்கள் நான்கே. டயர் தரையில் பதியும் இடம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கையின் அளவுதான். கார் திரும்புவதும், நிற்பதும், முன்னோக்கிப் பாய்வதும் இந்த நான்கு உள்ளங்கைகளின் பிடிப்பினாலேயே. தாங்கமைப்பின் முதல் கடமை என்ன என்று கேட்டால், பயணியின் சுகம் என்று பலரும் விடை கூறுவர். அதற்கும் முற்பட்ட கடமை ஒன்று உண்டு: இந்த நான்கு டயர்களையும் தரையைவிட்டு விலகாதபடி அழுத்தி வைத்தல். வேறு எந்த மாற்றத்தையும் இந்த ஓர் உரைகல்லில் உரைத்துப் பார்த்துவிடலாம்.

இனி, கார் ஒரு வளைவில் விரைந்து திரும்பும்போது நிகழ்வதைப் பார்ப்போம். உட்புறச் சக்கரங்களின் மேலிருந்த எடையில் ஒரு பகுதி வெளிப்புறச் சக்கரங்களுக்கு மாறுகிறது. எவ்வளவு மாறும் என்பதை நான்கு அளவுகள் முடிவு செய்கின்றன: காரின் எடை, வளைவில் அது பெறும் பக்கவாட்டு முடுக்கம், அதன் ஈர்ப்பு மையத்தின் உயரம், இடச்சக்கரத்துக்கும் வலச்சக்கரத்துக்கும் இடைப்பட்ட அகலம். நம் காரின் அகலம் 1.4 மீட்டர், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பில் பத்தில் ஒன்பது பங்கு என்றால், இடம் மாறும் எடை ஏறத்தாழ 289 கிலோ ஆகும். முன்னும் பின்னும் சரிபாதியாகப் பகிர்ந்தால், வெளிப்புறச் சக்கரம் ஒவ்வொன்றின்மேலும் 395 கிலோ. உட்புறச் சக்கரத்தின்மேல் 105 கிலோ.

இக்கணக்கில் வில்லின் விறைப்பு எங்கும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விறைப்பான வில் காரின் சாய்வைக் குறைக்கும். இடம் மாறும் எடையைக் குறைக்காது. கார் சாயாமல் திரும்புகிறது, ஆதலின் எடை மாறவில்லை என்று எண்ணுவது கண்ணுக்குத் தோன்றும் மயக்கமே.

இந்த எடை மாற்றம் ஏன் தீங்காகிறது? டயரின்மேல் பாரம் கூடினால் பிடிப்பும் கூடும். ஆனால் அதே விகிதத்தில் கூடாது. இரண்டு கூலியாட்கள் தலைக்கு ஒரு மூட்டையாகச் சுமந்து நாள் முழுதும் நடப்பார்கள். இரண்டு மூட்டைகளையும் ஒருவர் தலையில் ஏற்றி மற்றவரை வெறுங்கையுடன் நடக்கவிட்டால், சுமந்தவர் பாதி வழியிலேயே தளர்வார். வெறுங்கையுடன் நடந்தவர் அந்தத் தளர்ச்சியை ஈடுசெய்ய முடியாது. டயர்களின் நிலையும் அதுவே. 250 கிலோ வீதம் சமமாகச் சுமக்கும் இரு டயர்களின் கூட்டுப் பிடிப்பைவிட, 395 கிலோவும் 105 கிலோவுமாகச் சுமக்கும் இரு டயர்களின் கூட்டுப் பிடிப்புக் குறைவு.

காரைத் தாழ்த்தினால் ஈர்ப்பு மையம் இறங்கும். எடை மாற்றம் குறையும். இது உண்மைதான். எவ்வளவு குறையும்? 2.5 சென்டிமீட்டர் தாழ்த்தினால் 289 கிலோ என்பது 273 கிலோ ஆகும். ஆதாயம் 16 கிலோ. அதற்குக் கொடுத்த விலை என்ன என்று பார்க்க வேண்டும். சக்கரம் மேலேறுவதற்கு வண்டியுடலின் அடியில் ஓரளவு இடமே உண்டு. அந்த இடம் தீர்ந்ததும் உலோகமும் உலோகமும் மோதாதபடி ஒரு ரப்பர்த் தடுப்பு வைத்திருப்பார்கள். எம்எக்ஸ்-5 போன்ற சிறிய, தாழ்ந்த கார்களில் இந்த இடம் இயல்பாகவே குறுகியது. அதிலும் குட்டை வில்லைப் பொருத்திக் காரை மேலும் தாழ்த்தினால், வளைவில் சிறிது சாய்ந்தவுடனே வெளிப்புறச் சக்கரத்தின் தாங்கமைப்பு ரப்பர்த் தடுப்பில் போய் முட்டும். அந்தக் கணத்தில் அது வில்வண்டியாக இருந்த நிலை மாறிக் கட்டைவண்டியாகிவிடுகிறது. அடுத்து வரும் சிறு மேட்டுக்கும் வளைந்து கொடுக்க அங்கே வில் இல்லை. சக்கரம் தாவுகிறது, பிடிப்பு அறுகிறது, கார் வளைவுக்கு வெளியே செல்கிறது. ஓட்டுநரோ, வில் இன்னும் விறைப்பாக வேண்டும்போலும் என்று எண்ணிக்கொள்கிறார்!

சிலர் செலவைக் குறைக்க, உள்ள சுருள்வில்லில் ஒரு சுற்றை அறுத்து எடுத்துவிடுவதும் உண்டு. இயங்கும் சுற்றுகள் ஐந்து இருந்து, அதில் ஒன்றை அறுத்தால் வில்லின் விறைப்பு நான்கில் ஒரு பங்கு கூடும்; காரும் தாழும். ஆனால் அறுபட்ட முனை அதன் இருக்கையில் சரியாகப் பொருந்தாது. ஏதேனும் ஒரு மேட்டைத் தாண்டிச் சக்கரம் முழுவதும் கீழே தொங்கும்போது, குட்டையாகிவிட்ட வில் தன் இருக்கையைவிட்டு விலகவும் கூடும். இது செய்யத்தகாத செயல்.

இப்பொழுது வில்லின் இயல்புக்கு வருவோம். இழுப்பு விசை கூடக்கூட வில்லின் நீட்சியும் அதே விகிதத்தில் கூடும் என்பதை ஆங்கில அறிஞர் ராபர்ட் ஹூக் 1678ஆம் ஆண்டில் வெளியிட்டார். பள்ளிப் பௌதிக நூலில் காணும் இந்த விதியே காரின் தாங்கமைப்புக்கும் அடிப்படை. ஒரு சக்கரத்தின் வில் தன்மேல் அமர்ந்த 250 கிலோ எடைக்கு 16 சென்டிமீட்டர் சுருங்குகிறது என்போம். இது சாலைக்குரிய மென்மையான வில். அதனைக் கழற்றிவிட்டு, அதே எடைக்கு 4 சென்டிமீட்டர் மட்டுமே சுருங்கும் வில்லைப் பொருத்துகிறோம். இது தடத்துக்குரிய விறைப்பான வில்; முன்னதைவிட நான்கு மடங்கு விறைப்பு உடையது. சாலையில் 4 சென்டிமீட்டர் ஆழமுள்ள ஒரு குழி வருகிறது. வண்டியுடல் கீழிறங்குவதற்குள் சக்கரம் அக்குழிக்குள் இறங்கியாக வேண்டும். மென்மையான வில் 4 சென்டிமீட்டர் விரிந்தால், டயரின்மேல் இருந்த அழுத்தத்தில் நான்கில் ஒரு பங்கே குறையும். 187 கிலோவுக்கும் சற்று அதிகமான பாரம் இன்னும் டயரைத் தரையில் அழுத்திக்கொண்டிருக்கும். விறைப்பான வில்லோ, 4 சென்டிமீட்டர் விரிந்ததும் தன் வலிமை முழுவதையும் இழந்துவிடுகிறது. டயரின்மேல் வண்டியின் பாரம் சிறிதும் இல்லை. அந்தக் கணத்தில் ஓட்டுநர் பிரேக்கை மிதித்தால் அச்சக்கரம் காரை நிறுத்த உதவாது. சக்கரத்தைத் திருப்பினால் அது காரைத் திருப்பாது.

ஆகவே, குண்டும் குழியுமான சாலையில் மென்மையான வில்லைச் சொகுசு என்று தள்ளிவிடுதல் தவறு. அங்கே மென்மையே பிடிப்பு, பிடிப்பே பாதுகாப்பு. மழை பெய்த சாலையில், குறுக்கே ஓடி வந்த ஒரு குழந்தைக்காக வண்டியை நிறுத்த வேண்டிய நேரத்தில், இந்த வேறுபாடு ஓர் உயிரின் அளவுக்குப் பெரிதாகிவிடும்.

அப்படியானால் பந்தயக் கார்களுக்கு மட்டும் விறைப்பான வில் ஏன்? பந்தயத் தடங்களில் பல, பலகைபோல் சமமானவை. குழிகள் இல்லாத இடத்தில் குழிக்காக வளைந்து கொடுக்க வேண்டிய தேவை குறைவு. அங்கே வேறு தேவைகள் முன்னிற்கின்றன. ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பிய உடனே கார் மறுமொழி தரவேண்டும். வண்டி அதிகமாகச் சாய்ந்து டயர்களைக் கோணலாக்கிவிடக் கூடாது. காற்றின் விசையால் கீழ்நோக்கி அழுத்தப்படும் பந்தயக் கார்களில், நூற்றுக்கணக்கான கிலோ அளவுக்கு அந்த அழுத்தம் கூடும்போதும் கார் தரையில் உரசக் கூடாது. அதற்காகவும் அவற்றின் வில் மிக விறைப்பாக இருக்கும். நம் இளைஞரின் சாலைக் காருக்கு இத்தகைய அழுத்தம் இல்லை. பிறருக்கு எழுதிய மருந்துச் சீட்டை எடுத்துவந்து தாம் மருந்து உண்பவரைப்போல், தமக்கு இல்லாத நோய்க்கு அவர் வைத்தியம் செய்துகொள்கிறார்.

வில்லின்மேல் அமர்ந்த வண்டிக்கு இயல்பான ஓர் ஊசலாட்ட வேகம் உண்டு. 16 சென்டிமீட்டர் சுருங்கும் வில்லின்மேல் வண்டி விநாடிக்கு ஏறத்தாழ ஒன்றேகால் முறை மேலும் கீழும் ஆடும். 4 சென்டிமீட்டர் சுருங்கும் வில்லின்மேல் இரண்டரை முறை ஆடும். விறைப்பு நான்கு மடங்கானால் ஆட்டம் இருமடங்கு. சாதாரணக் கார்களின் ஆட்டம் விநாடிக்கு ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையில் அமையும். நடக்கும்போது நம் உடல் விநாடிக்கு ஒன்று முதல் இரண்டு முறை ஏறி இறங்குகிறது. இந்த அளவுள்ள அசைவு நமக்குப் பழகிப்போன ஒன்று. சாலைக்கும் தடத்துக்கும் பொதுவாக அமைக்கும் காரில், விநாடிக்கு ஒன்றரை முதல் இரண்டு வரை என்பது பலருக்கும் ஒத்துவரும் எல்லை. இரண்டரையைத் தாண்டினால் சாலைப் பயணம் துன்பமாகிவிடும்.

முன்வில்லும் பின்வில்லும் எவ்வாறு பொருந்த வேண்டும் என்பதை ஆராய்ந்தவர் மாரிஸ் ஆலி என்னும் ஆங்கிலப் பொறியியலார். ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிப் பின்னர் 1930ஆம் ஆண்டில் அமெரிக்கக் காடிலாக் நிறுவனத்தில் சேர்ந்த அவர், ஒரு பெரிய காரில் எடைகளை இடம் மாற்றி மாற்றி வைத்து ஓட்டிச் சோதித்தார். பின்வில்லின் ஆட்டம் முன்வில்லின் ஆட்டத்தைவிடச் சற்று விரைவாக இருந்தால் பயணம் சமனாகிறது என்று கண்டார். காரணம் எளிது. மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது; பின்சக்கரம் சற்றுப் பின்னரே ஏறுகிறது. பின்பகுதி விரைவாக ஆடினால்தான், தாமதமாகத் தொடங்கிய ஆட்டம் முன்பகுதியின் ஆட்டத்தை எட்டிப்பிடிக்கும். இல்லையேல் கார் தொட்டில்போல் முன்னும் பின்னுமாக அசைந்துகொண்டே செல்லும். முன்வில்லை மட்டும் விறைப்பாக்குவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

வில் தனித்து நின்றால் ஆடிக்கொண்டே இருக்கும். அதனை அடக்குவதற்கு உள்ள உறுப்பையே ஷாக் அப்சார்பர் என்கிறோம். அதிர்ச்சியை விழுங்குவது என்பது இச்சொல்லின் பொருள். ஆனால் அதிர்ச்சியை ஏற்றுக்கொள்வது உண்மையில் வில்தான். ஏற்ற அதிர்ச்சியால் வில்லில் எழும் ஆட்டத்தைத் தணிப்பதே இவ்வுறுப்பின் வேலை. ஆதலின் இதனைத் தணிப்பான் என்பதே பொருந்தும். ஒரு குழலினுள் எண்ணெய்; அதில் நுண்ணிய துளைகள் கொண்ட உந்துதண்டு. தண்டு மேலும் கீழும் செல்லும்போது எண்ணெய் அத்துளைகளின் வழியே பிதுங்கிச் செல்ல வேண்டும். ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடுகிறது.

வில்லை மாற்றித் தணிப்பானை மாற்றாதிருத்தல் அரைகுறை வேலை. வில்லின் விறைப்பு இருமடங்கானால், ஆட்டம் முன்போலவே அடங்குவதற்குத் தணிப்பு விசை ஏறத்தாழ 1.4 மடங்கு வேண்டும். நான்கு மடங்கானால் இருமடங்கு வேண்டும். பழைய தணிப்பானின்மேல் புதிய விறைப்பான வில்லை அமர்த்தினால் கார் பந்துபோல் குதிக்கும். மறுபுறம், அளவுக்கு மீறிய தணிப்பும் தீங்கே. வில் விரியும் வேகத்தைத் தணிப்பான் மிகுதியாகத் தடுத்தால், ஒரு மேட்டில் சுருங்கிய வில் முழுதும் விரிவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். தொடர்ச்சியான மேடுகளில் கார் படிப்படியாகக் கீழே இறங்கி, முடிவில் முன்சொன்ன ரப்பர்த் தடுப்பின்மேல் அமர்ந்துவிடும். இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் திருகு உள்ள தணிப்பான்களை வாங்கியவர், திருகைக் கடைசிவரை முறுக்கிவைப்பதில் பயன் இல்லை.

தடத்தில் இடைவிடாமல் ஓட்டும்போது தணிப்பானின் எண்ணெய் சூடேறும். எண்ணெயும் காற்றும் கலந்து நுரைத்தால் தணிப்பு விசை தளரும். குழலின் ஒரு பகுதியில் அழுத்தமுள்ள நைட்ரஜன் வாயுவை அடைத்து, எண்ணெயை எப்போதும் அழுத்தத்தில் வைத்திருக்கும் தணிப்பான்கள் இக்குறையைப் பெரிதும் நீக்குகின்றன. தடத்துக்குச் செல்லும் காருக்குச் செலவிடும் பணத்தில் முதன்மையான பங்கை நல்ல தணிப்பான்களுக்கு ஒதுக்குவது அறிவுடைமை.

அடுத்தது, இடச்சக்கரத்தையும் வலச்சக்கரத்தையும் இணைக்கும் முறுக்குத்தண்டு. ஆன்டி-ரோல் பார் என்பது இதன் பட்டறைப் பெயர். இரு சக்கரங்களும் ஒன்றாக ஏறினால் இத்தண்டு தன் தாங்கிகளில் சும்மா சுழலும். கார் சாய்ந்து, ஒரு சக்கரம் ஏறி மற்றது இறங்கினால், தண்டு முறுக்குண்டு அச்சாய்வை எதிர்க்கும். நேர்ச்சாலையில் மென்மை, வளைவில் விறைப்பு என்னும் இரு பயன்களையும் ஓரளவு தருவதால், சாலைக்கும் தடத்துக்கும் பொதுவான காருக்கு இது மிகவும் உதவும். முன்தண்டைத் தடிமனாக்கினால் எடை மாற்றத்தில் பெரும்பங்கை முன்டயர்கள் ஏற்கும். அவற்றின் பிடிப்புக் குறையும். ஸ்டியரிங்கைத் திருப்பியும் கார் போதிய அளவு திரும்பாமல் வெளிநோக்கிச் செல்லும். பின்தண்டைத் தடிமனாக்கினால் பின்டயர்கள் முதலில் நழுவும். காரின் வால் சுழன்று முன்னே வர முயலும். அனுபவமற்றவர்க்கு இந்த இரண்டாவது நிலை பெரிதும் ஆபத்தானது. கார் உற்பத்தியாளர்கள் பலரும் முன்டயர்களே முதலில் நழுவுமாறு வேண்டுமென்றே அமைப்பதற்கு இதுதான் காரணம்.

செலவு மிகக் குறைந்ததும் பயன் மிகுந்ததுமான மாற்றம் ஒன்று உண்டு. அது சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்தல். கார் வளைவில் சாயும்போது வெளிப்புற டயரும் உடன் சாய்ந்து, தன் வெளிவிளிம்பில் ஓட முற்படும். உள்ளங்கை அளவு பதிந்த டயர் விரல் அளவே பதியும். இதனை எதிர்பார்த்து, சக்கரத்தின் மேற்பகுதி காரை நோக்கிச் சற்று உட்சாய்ந்திருக்குமாறு முன்கூட்டியே வைப்பார்கள். இக்கோணத்தைக் கேம்பர் என்பர். சாலைக்கு ஏறத்தாழ ஒரு பாகை போதும். தடத்தில் இரண்டு முதல் மூன்று பாகை வரை வைப்பதுண்டு. எம்எக்ஸ்-5 காரின் நான்கு சக்கரங்களும் மேலும் கீழுமாக இரண்டு கைகளால் தாங்கப்படுகின்றன. மேற்கை கீழ்க்கையைவிடக் குட்டை. ஆதலின் கார் சாயும்போது சக்கரம் ஓரளவு தானாகவே நிமிர்ந்துகொள்கிறது. கைகளின் அடியில் உள்ள, மையம் விலகிய போல்ட்டுகளைத் திருப்பினாலே கோணங்கள் மாறும். புதிய உறுப்பு எதுவும் வாங்க வேண்டியதில்லை. டயரின் உள்விளிம்பு தேய்ந்தால் கேம்பரையே பலர் பழிப்பர். பெரும்பாலும் டயரைத் தின்பது, சக்கரங்கள் நேர்க்கோட்டில் நில்லாமல் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் டோ என்னும் மற்றொரு கோணமே. ஒன்றைச் சரிசெய்தால் மற்றதையும் அளந்து பார்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம் எந்த வரிசையில் செய்வது? முதலில், தேய்ந்ததைப் புதுப்பித்தல். பல ஆண்டுகள் ஓடிய காரில் ரப்பர் புஷ்கள் வெடித்திருக்கும், பந்துமூட்டுகள் தளர்ந்திருக்கும், தணிப்பான்கள் ஓய்ந்திருக்கும். ஆட்டம் கண்ட தூணின்மேல் புதுமாடி எழுப்புவதுபோல், இவற்றின்மேல் விலையுயர்ந்த வில்லைப் பொருத்துவதில் பொருள் இல்லை. பழைய உறுப்புகளைப் புதுப்பித்த உடனேயே கார் புதிதாயிற்று என்று வியந்தவர் பலர். அடுத்து நல்ல டயர்கள், பிரேக் கட்டைகள், புதிய பிரேக் எண்ணெய். பிறகு சக்கரக் கோணங்கள். அதன்பின் தணிப்பானும் அதற்கு ஏற்ற வில்லும், இரண்டும் ஒருசேர. கடைசியில் முறுக்குத்தண்டு. தணிப்பானும் வில்லும் சேர்ந்த இந்த ஓர் இணை நீங்கலாக, ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்ய வேண்டும். இரண்டைச் சேர்த்துச் செய்தால், நன்மை எதனால் வந்தது, தீமை எதனால் வந்தது என்று கூறவியலாது. ஒரு குறிப்பேடும், டயரின் காற்றழுத்தத்தை அளக்கும் கருவியும், நிறுத்துகடிகாரமும் இவ்வேலைக்கு மிக உதவும் துணைகள். கார் விரைவாகச் செல்வதுபோல் தோன்றுவது வேறு. கடிகாரம் அவ்வாறு கூறுவது வேறு. விறைப்பான கார் அதிர்வினால் வேகம்போல் தோற்றுவிக்கும். கடிகாரத்துக்கு அந்த மயக்கம் இல்லை.

சாலைக் காரைத் தடத்தில் ஓட்டுதற்கு உலகெங்கும் பெயர்பெற்ற இடம் ஜெர்மனியின் ஐஃபல் மலைப்பகுதியில் உள்ள நூர்பர்க்ரிங். 1927ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இதன் வடக்குச் சுற்று 20.8 கிலோமீட்டர் நீளமுடையது. காட்டினூடே ஏறி இறங்கும் இத்தடத்தின் மிக உயர்ந்த இடத்துக்கும் தாழ்ந்த இடத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 300 மீட்டர். குறிப்பிட்ட நாட்களில் கட்டணம் செலுத்தி எவரும் தம் சொந்தக் காரை இதில் ஓட்டலாம். காலையில் வீட்டிலிருந்து ஓட்டிவந்து, தடத்தில் சுற்றி, மாலையில் அதே காரில் வீடு திரும்புவோர் ஏராளம். இத்தடத்தின் சில பகுதிகள் மேடுபள்ளமானவை. சில உச்சிகளில் காரின் சக்கரங்கள் தரையைவிட்டு எழவும் முயலும். கான்கிரீட்டு வட்டமாக அமைந்த கருசெல் என்னும் வளைவு காரைப் பலமாகக் குலுக்கும். சமமான தடத்துக்கென்று மிக விறைப்பாக்கிய கார் இங்கே தத்தளிக்கும். சக்கரத்துக்கு ஏறி இறங்க இடம் விட்டு, தணிப்பைச் செம்மையாக அமைத்த கார், மென்மையாக இருந்தும் நிலையாக ஓடும். புகழ்பெற்ற தடமே இவ்வாறு இருக்க, நாள்தோறும் செல்லும் சாலையைப்பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டத்தையும் ஒரு சொல் குறிப்பிட வேண்டும். ஜெர்மனியில் வில், தணிப்பான் போன்ற மாற்றுறுப்புகளுக்கு உரிய சான்று வேண்டும். நம் நாட்டில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று மாறுபடும் வகையில் ஒரு வண்டியை மாற்றுதலைத் தடுக்கிறது. வண்டியில் கைவைக்குமுன் இதனை அறிந்துகொள்வது கடமை. விரைவுக்குரிய இடம் தடம் ஒன்றே என்பதையும் இங்கே சொல்லிவிடலாம்.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்கள். சாலைக்கும் தடத்துக்கும் ஒரே காரை வைத்திருப்பவரின் நிலை அத்தகையது. இரண்டிலும் முழுமை பெற இயலாது. எதில் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம் என்பதை அளந்து அறிந்து விட்டுக்கொடுப்பதே அவர் கற்க வேண்டிய கலை. காரை மாற்றுவதற்கு முன்னர் ஒரு நாள் தடத்தில் ஓட்டக் கற்றுத்தரும் ஆசிரியர் ஒருவருடன் பயின்றால், குறை காரில் உள்ளதா, தம் கையில் உள்ளதா என்பதும் அவருக்கு விளங்கும்.

மாணவர்கள் இவ்வளவையும் அறிய ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வேண்டியதில்லை. உங்கள் பௌதிக ஆய்வுக்கூடத்தில் ஒரு மெல்லிய சுருள்வில்லும் சில எடைகளும் இருக்கும். வில் 4 சென்டிமீட்டர் நீளும்படி ஓர் எடையைத் தொங்கவிட்டு, இலேசாக இழுத்து விட்டு, பத்து விநாடியில் எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணுங்கள். ஏறத்தாழ 25 முறை ஆடும். பிறகு வில் 16 சென்டிமீட்டர் நீளும்படி எடையைக் கூட்டி மீண்டும் எண்ணுங்கள். ஏறத்தாழ 12 அல்லது 13 முறை ஆடும். இப்பொழுது அந்த எடையைப் பெரியதொரு கண்ணாடிப் பாத்திரத்தில் உள்ள நீரில் அமிழ்த்தி ஆடவிடுங்கள். அடுத்து எண்ணெயில் அமிழ்த்தி ஆடவிடுங்கள். ஆட்டம் எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்று பாருங்கள். தடத்தில் ஓடும் காரின் வில்லும் தணிப்பானும் செய்வதும் இதுவே.